முங்கியதற்கு ஒரு விருது

அத்தனை கழுத்துகளும் அண்ணாந்திருக்க, பெரிய திரையில் பச்சைத் தண்ணீர் தளும்புகிறது, தளும்பிய தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருகிறது, வலது கை, விரல்களை விரித்துக் காற்றில் எதையோ பிடிக்கப் பார்க்கிறது, பிடிக்க ஒன்றுமில்லை, மடங்கிக் கீழே போகிறது, அரங்கத்தின் முன்வரிசை அம்மாள் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், செண்பகவல்லி மட்டும் திரையைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மடியில் அதே வலது கை கிடக்கிறது, மெரூன் பட்டின் மேல் தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று இடது கையால் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறாள், பக்கத்து நாற்காலிக்காரர் வேறு யாருமில்லை, படத்தின் இயக்குநர் மாசிலாமணிதான், அவர் எங்கே இவளைப் பார்க்கப் போகிறார், அவரும் அண்ணாந்துதான் இருக்கிறார், கண்ணில் நீர் கோத்திருக்கிறது, தன் படத்தைத் தானே பார்த்துத் தானே அழுகிற மனுஷன், நல்ல மனுஷன், இதில் பெரிய கொடுமையே அவர் நல்ல மனுஷனாக இருப்பதுதான்.

திரைவிமர்சகர் பேரவையின் சிறந்த கதாநாயகி விருது என்றால் சும்மாவா, மற்ற விருதெல்லாம் ரசிகர்கள் கொடுப்பது, சேனல்காரர்கள் கொடுப்பது, இது படம் பார்த்தே தலை நரைத்தவர்கள் உட்கார்ந்து சண்டை போட்டுக் கொடுப்பது, அதை வாங்க ஆசைப்படாத நடிகை கோடம்பாக்கத்தில் இல்லை, செண்பகவல்லிக்கும் ஆசைதான், விருது உங்களுக்குத்தான் என்று பேரவைத் தலைவர் ஞானசுந்தரம் போன் பண்ணிச் சொன்னபோது தங்கச்சி முத்தரசி வீட்டுக்குள் குதித்தாள், இவளும் சிரித்தாள், சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு, விருது வாங்கின கதாநாயகி தனக்குப் பேர் வாங்கித் தந்த காட்சியை மேடையில் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும், சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்பார்கள், ஒரே ஒரு தடவை மேடம் என்று கேட்பார்கள், கூட்டம் கத்தும், மறுத்தால் தலைக்கனம் என்று மறுநாள் எழுதுவார்கள், போன வருஷம் வாங்கினவள் மகனைப் பறிகொடுத்த தாயாக மேடையில் உருண்டு அழுதுவிட்டு, எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, தேங்க்யூ என்று சொன்னதை இவளே டிவியில் பார்த்திருக்கிறாள், அட, என்னமாய்ச் செய்தாள், அப்படிச் செய்துவிட்டு வந்துவிடலாமே என்று உனக்குத் தோன்றவில்லையா செண்பகம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், தோன்றுகிறது, செய்யத்தான் முடியாது, நடித்ததை மறுபடி நடிக்கலாம், அவள் அந்தக் காட்சியில் நடிக்கவில்லை, உள்ளே போனால் திரும்பி வர வழி தெரியாது, வழி தெரியாமல் அவள் மேடையில் துடித்தாலும் ஒருத்தரும் வர மாட்டார்கள், கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டலை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

படப்பிடிப்பு அன்றைக்கு வெயில், கல்குவாரி, வெட்டி எடுத்த பாறைக்கு நடுவே எத்தனையோ வருஷத்து மழைத் தண்ணீர் பச்சை கட்டி நிற்கிறது, எத்தனை ஆழம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி, குழாயில் தண்ணீர் வருகிற நாளே திருநாள் என்கிற ஊர், குடத்துத் தண்ணீரையும் வாளித் தண்ணீரையும் தவிர வேறு தண்ணீரில் அவள் கால் வைத்தது கிடையாது, சார் எனக்கு நீச்சல் தெரியாது என்று மாசிலாமணியிடம் முன்பே சொல்லியிருக்கிறாள், அதுக்கென்னம்மா, தண்ணிக்குள்ள பாறை ஒண்ணு இருக்கு, அதுமேல பெஞ்சு போட்டுருவோம், நீ பெஞ்சுல நிக்கப்போறே, முட்டியை மடக்கினா முங்குவே, நிமிந்தா வெளிய வந்துருவே, அவ்வளவுதான் என்றார், கதையில் அவள் சாகப் போகிறவள், பாதியில் சாக வேண்டாம் என்று மனசு மாறுகிறவள், அந்த மாறுற நிமிஷம்தான் நம்ம படமே, அது உன் கையில இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார், கரையில் நீச்சல் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர், கட் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் குதிக்கக் கூடாது, ஒரு அலை விழுந்தாலும் ஷாட் போச்சு என்று அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு, சரி, அவள் இறங்கினாள், பெஞ்சு காலுக்குத் தட்டுப்பட்டது, பாசி பிடித்த பலகை, வழுவழுவென்று இருந்தது, ஆக்ஷன் என்று குரல் வந்தது, முட்டியை மடக்கினாள், நிமிர்ந்தாள், நன்றாகத்தான் இருந்தது, மறுபடி மடக்கினாள், பெஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்தது, கால் அதைத் தேடுகிறது, தேடத் தேடக் கீழே ஒன்றுமே இல்லை.

தண்ணீர் மூக்கில் ஏறுகிறது, கண்ணைத் திறந்தால் பச்சை, காதுக்குள் அவளுடைய நெஞ்சே அடித்துக்கொள்கிற சத்தம், காலை உதைத்ததில் ஒரு கணம் தலை வெளியே வந்தது, அந்த ஒரு கணத்தில் கத்தினாள், கத்தியதோடு கரையையும் பார்த்தாள், அதுதான், அதுதான் இன்றுவரைக்கும் அவளைத் தூங்கவிடாதது, கரையில் அவ்வளவு பேர் நிற்கிறார்கள், ஒருத்தர்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை, எல்லார் முதுகும் அவள் பக்கம், எல்லார் முகமும் கறுப்புத் துணி போட்டு மூடின மானிட்டர் பக்கம், உதவி இயக்குநர்கள், மேக்கப்காரர், நீச்சல் ஆட்கள் இரண்டு பேரும்கூட, நடிகை எப்படி நடிக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க அங்கேதான் எட்டி நிற்கிறார்கள், ஐயோ பாவிகளா, பெட்டிக்குள்ளே தெரிகிறவள் இங்கேதானே கிடக்கிறாள், திரும்பிப் பாருங்களேன், இதை அவள் அன்றைக்கு நினைத்தாளா இப்போது நினைக்கிறாளா தெரியவில்லை, கையை மட்டும் தூக்கினாள், வலது கை, விரல்களை விரித்து, பிடிக்க ஒன்றுமில்லை, பிறகு பச்சையும் போய்க் கறுப்பு வந்தது, கறுப்புக்குள் எங்கேயோ மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், பாறைமேல் போட்டார்கள், வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் தண்ணீர் கொட்டியது, அப்போதுதான் புரிந்தது, அது மழை இல்லை, கைதட்டல், யூனிட் மொத்தமும் நின்று தட்டுகிறது, மாசிலாமணி அழுதுகொண்டே ஓடி வருகிறார், ஒரே டேக்கும்மா, ஒரே டேக், என் சாமி, எங்கேர்ந்தும்மா வந்துச்சு உனக்கு அப்படி ஒரு பயம் என்கிறார், அவள் இருமி முடித்து நிமிர்ந்தாள், நான் செத்துப்போயிருப்பேன் சார் என்றுதான் சொல்ல வந்தாள், சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தாள், அத்தனை சிரித்த முகங்களுக்கு நடுவே அவள் வாய் என்ன சொன்னது தெரியுமா, சரியா வந்துச்சா சார் என்று கேட்டது.

அத்தோடு விட்டதா, டப்பிங் என்று ஒன்று இருக்கிறதே, குவாரியில் மோட்டார் சத்தத்தில் அவள் கத்தியது எதுவும் பதிவாகவில்லை, ஸ்டுடியோவில் நின்று, தான் முங்குவதைத் தானே பார்த்து, வாய் திறக்கிற இடத்தில் அம்மா என்று கத்த வேண்டும், விளக்கை அணைத்தார்கள், பச்சைத் தண்ணீர் வந்தது, கை வந்தது, அவளுக்குக் குரல் வரவில்லை, மறுபடி போட்டார்கள், மறுபடி போட்டார்கள், காத்துத்தான் வருது மேடம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் சொன்னார்கள், கடைசியில் வேறொரு பெண்ணை வரவழைத்தார்கள், அந்தப் பெண் ஏசி அறைக்குள் வந்து, குடித்துக்கொண்டிருந்த டீயை ஓரமாக வைத்துவிட்டு, அம்மா என்று அலறினாள், அடேயப்பா, சுவரெல்லாம் அதிர்ந்தது, ஓகேவா சார் என்று கேட்டுவிட்டு மீதி டீயைக் குடித்தாள், செண்பகவல்லி அந்தப் பெண்ணைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றாள், பயத்தை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொள்ள அவளால் முடிகிறதே என்று.

அதற்குப் பிறகு குளியல் என்றால் உட்கார்ந்து, துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வதுதான், தலைக்கு ஊற்ற முடியாது, கதவைத் தாழ் போட முடியாது, முத்தரசி கேட்டால் சளி பிடிக்கும் என்று ஒரு சாக்கு, ஒரு நாள் சாப்பிடும்போது தோசை தொண்டையில் சிக்கிக்கொண்டது, சின்ன விஷயம்தான், எல்லாருக்கும் சிக்குவதுதான், ஆனால் மூச்சு நின்ற அந்தக் கணத்தில் தட்டு மறைந்து பச்சைத் தண்ணீர் வந்துவிட்டது, நாற்காலியிலிருந்து சரிந்தாள், கை மேலே போனது, எதிரே உட்கார்ந்திருந்த முத்தரசி, கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், விழுந்து விழுந்து சிரித்தாள், ஏ அக்கா, போதும் ஒன் நடிப்பு, அப்படியே படத்துல மாதிரியே இருக்கு, இரு, போன்ல எடுக்கேன் என்றாள், எடுத்தும்விட்டாள், தோசை தானாக இறங்கி மூச்சு வந்தபிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குச் சிரிப்பு நின்றது, அன்றைக்குச் செண்பகவல்லிக்கு ஒன்று விளங்கியது, இனி அவள் உண்மையிலேயே சாகிறபோதும் பார்க்கிறவர்கள் ரசிக்கத்தான் போகிறார்கள், அந்தப் படம் ஊர் முழுக்க ஓடி அவளுடைய பயத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டது, ஒரு மனுஷிக்கு ஆபத்து என்று சொல்ல இருக்கிற முகமும் கையும் மூச்சும் இப்போது நடிப்பு என்று ஆகிவிட்டது, இதை யாரிடம் போய்ச் சொல்வாள்.

ஒரே ஒருத்தர்தான் ஒரு மாதிரி பார்த்தார், சாருமதி அக்கா, இவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கதாநாயகியாக இருந்தவர், புதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்த வாய், யாருக்கும் அடங்காது, இந்த விருதுக்கு வருஷா வருஷம் பேர் வந்து வருஷா வருஷம் கிடைக்காமல் போனவர், இந்த வருஷமும் இறுதிப் பட்டியலில் இவள் பேருக்குப் பக்கத்தில் அவர் பேர்தான், பிரிவியூ காட்சி முடிந்து எல்லாரும் இவளைச் சூழ்ந்துகொண்டு ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மணிக்கட்டைப் பிடித்தார், பாராட்டப் போகிறார் என்று நினைத்தாள், அவர் கேட்டது, உனக்கு நீச்சல் தெரியுமா, தெரியும்க்கா என்று பொய் சொன்னாள், ஏன் சொன்னாள், மாசிலாமணி பக்கத்தில் நின்றார், அதனால் சொன்னாள், சாருமதி ம் என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார், இன்றைக்கும் வந்திருக்கிறார், தோற்றவர்களை முன்வரிசையில் எங்கே உட்கார வைப்பார்கள், ஓரத்தில், தூணுக்குப் பின்னால், அங்கேயிருந்து பெரிய திரை சரியாகத் தெரியாது.

ஞானசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார், நீரிலிருந்து எழும் அந்த வலது கை தமிழ்த் திரைநடிப்பின் ஒரு சாதனை, அந்த விரல்கள் விரியும் வேகத்தில் வாழ்வின் மீதான ஆசையும் சாவின் அச்சமும் ஒருங்கே, இப்படி ஒரு கட்டுப்பாடு, மூச்சின் மீது இப்படி ஓர் ஆளுமை, அவள் பேரைச் சொல்கிறார்கள், கால்கள் எழுந்து நடக்கின்றன, படி, இன்னொரு படி, மேடை வழுவழுவென்று இருக்கிறது, பாசி பிடித்த பலகை, இல்லை, இது மேடை, இது மேடைதான் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள், விருதைக் கையில் கொடுத்தார்கள், கனத்தது, கும்பிட்டாள், திரும்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை, தொகுப்பாளினி சிரித்துக்கொண்டே வழியை மறித்தாள், மேம், விடுவோமா உங்களை, அந்தக் கை, ஒரே ஒரு தடவை, எங்க எல்லாருக்காகவும், கூட்டம் கத்தியது, விளக்குக்காரர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள் போல, அரங்கம் இருண்டு, மேலேயிருந்து பச்சையும் நீலமுமாக அலை அலையாக ஒரு வெளிச்சம் அவள்மேல் இறங்கியது, கேமரா ஒன்று கிட்டே வந்தது, பின்னால் பெரிய திரையில் அவள் முகமே மலைபோல எழுந்தது.

அவள் மைக்கைப் பிடித்தாள், எல்லாரும் மன்னிக்கணும், என்னால முடியாது, அது நடிப்பில்ல, காலுக்குக் கீழ இருந்த பெஞ்சு சரிஞ்சிருச்சு, எனக்கு நீச்சல் தெரியாது, நான் நெசமாவே முங்கிட்டேன், கத்தினேன், யாரும் திரும்பிப் பாக்கல, எல்லாரும் மானிட்டரத்தான் பாத்துட்டிருந்தாங்க, செத்துருவேன்னு நெனச்சேன் என்றாள், சொல்லிவிட்டாள், இத்தனை நாளாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லியே விட்டாள், அரங்கம் ஒரு கணம் அப்படியே நின்றது, அவள் நெஞ்சு கொஞ்சம் லேசானது, அந்த ஒரு கணம்தான், பிறகு எங்கேயோ பின்வரிசையில் ஒருத்தர் தட்டினார், இன்னொருத்தர் தட்டினார், மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டியது, ஞானசுந்தரம் இன்னொரு மைக்கில், தழுதழுத்த குரலில், பார்த்தீர்களா, பாத்திரத்திலிருந்து இன்னும் வெளியே வரவே இல்லை, இதைத்தானே எங்கள் நடுவர் குழு சொன்னது என்றார், தட்டல் இரண்டு மடங்கானது, மழை, மழை பெய்கிறது, அவளுக்கு மூச்சு உள்ளே போக மறுத்தது, இல்லங்க, நெசமா என்று சொல்லப் பார்த்தாள், காற்றுத்தான் வந்தது, கால் தரையைத் தேடுகிறது, விருது நழுவிக் காலடியில் விழுந்தது, எதிரே ஆயிரம் பேர், ஒருத்தர்கூட அவளைப் பார்க்கவில்லை, அத்தனை கழுத்தும் அவள் தலைக்கு மேலே திரையில் இருக்கிற அவளைத்தான் அண்ணாந்து பார்க்கிறது, கை மேலே போயிற்று, அவள் தூக்கவில்லை, அதுவாகப் போயிற்று, விரல்கள் விரிந்தன, கூட்டம் அலறியது, ஒன்ஸ் மோர்.

ஏய், லைட்ட அணைங்கடா, லூசுப் பசங்களா, அணைங்கடா என்று ஒரு குரல், மைக் இல்லாத குரல், அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது, தூணுக்குப் பின்னாலிருந்து சாருமதி ஓடி வருகிறார், சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் தடுக்கி, கையை ஊன்றி எழுந்து, வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார், விரித்த விரல்களுக்கிடையில் தன் விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் இவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார், என்னைப் பாரு, இங்க பாருடி, மூச்ச இழுக்காத, வெளிய விடு, ஊது, சூடா டீ குடிக்கும்போது ஊதுவல்ல, அந்த மாரி ஊது, நான் இருக்கேன், ஊதும்மா என்றார், செண்பகவல்லி ஊதினாள், வரவில்லை, மறுபடி ஊதினாள், கொஞ்சம் வந்தது, கூட்டத்துக்கு இது வேறு கிடைத்துவிட்டது, தோற்ற கதாநாயகி ஜெயித்தவளைக் கட்டிப்பிடிக்கிறாள், என்ன ஒரு பெருந்தன்மை, இன்னும் பலமாகத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள், சாருமதி அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் இவளை இடுப்போடு அணைத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனார்.

பின்னால் ஒப்பனை அறை, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவளை உட்கார வைத்து, சாருமதி தன் முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாசிலாமணி உள்ளே வந்தார், கீழே விழுந்த விருதை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் ஈரம், பிரமாதம்மா, என்ன ஒரு ஸ்பீச், எல்லாரையும் அழவெச்சுட்டே, அடுத்த படத்துல உனக்குக் கடல் வெச்சிருக்கேன், உன்னை விட்டா யாரால முடியும் என்றார், செண்பகவல்லி, சரி சார் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள், சாருமதிதான் எழுந்தார், யோவ், இங்க திரையெல்லாம் ஒண்ணும் இல்ல, இவ கையத் தொட்டுப் பாருய்யா மொதல்ல என்றார், மாசிலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, விருதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து அவள் வலது கையைத் தொட்டார், ஐஸாகக் கிடந்தது, தொட்டதும் வெடுக்கென்று துள்ளியது, துள்ளின கை நடுங்கியது, நிற்காமல் நடுங்கியது, அவர் இன்னொரு தடவை தொட்டார், அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், எத்தனையோ நாள் மானிட்டரில் பார்த்த முகம்தான், புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று, முட்டி போட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், வெளியே அடுத்த விருதுக்குப் பேர் வாசிக்கிறார்கள், அன்னிக்குத் தண்ணிக்குள்ளேர்ந்து நெசமாவே கத்தினியாம்மா என்று கேட்டார், கத்தினேன் சார், அம்மான்னா என்றார், இல்ல சார் என்றாள் செண்பகவல்லி, அவளுக்கு இப்போது மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, ஒங்களத்தான் சார் கூப்பிட்டேன், மாசிலாமணி சார், மாசிலாமணி சார்னு கூப்பிட்டேன், அங்கன எனக்கு வேற யாரையும் தெரியாதுல்லா.